கட்டமைப்பு உயிரியலிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியியலிலும் ஆய்வாளராக வளர்வது எப்படி?

புரதங்களின் வடிவத்தை அணு அளவில் கண்டறியும் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் கருவியைப் பற்றியே இருக்கும்: எந்த நுண்ணோக்கி, எத்தனை கிலோவோல்ட், எந்த மென்பொருள். இவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் அந்த விடைகளை மட்டும் நம்பி ஒருவர் தம் பணிவாழ்வை அமைத்துக்கொள்ள முடியாது. 300 கிலோவோல்ட் நுண்ணோக்கிகள் இன்று பெருமளவு தாமாகவே படமெடுக்கின்றன. மென்பொருள்களோ ஒரு முனைவர் பட்டக் காலத்துக்குள்ளேயே உருமாறிவிடுகின்றன. இவற்றுக்கிடையே மதிப்புக் குறையாமல் நிற்பவை நல்ல மாதிரியைத் தயாரிக்கும் கைத்திறனும், தமக்குக் கிடைத்த முப்பரிமாண வரைபடத்தைத் தாமே சந்தேகிக்கும் பழக்கமும்தான். இளங்கலைப் படிப்பு முதல் தனி ஆய்வுக்குழு வரையிலான பாதையை இவ்விரண்டையும் முன்னிறுத்தி எப்படித் திட்டமிடலாம் என்பதே இங்கே பேசப்படுவது.

துறையின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்

வரலாற்றைப் படிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அன்று. இத்துறையில் ஒரு வேலை முடிய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் 1931இல் பெர்லினில் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். 300 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.02 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு). ஆகவே அணுக்களைப் பிரித்துக் காண்பதற்கு அலைநீளம் தடையே இல்லை. தடையாக இருந்தவை வேறு. நுண்ணோக்கியின் வெற்றிடத்தில் உயிர்மூலக்கூறுகள் உலர்ந்து சிதைகின்றன. எலக்ட்ரான் கற்றையே அவற்றின் வேதிப்பிணைப்புகளை அறுக்கிறது. சேதத்தைக் குறைக்க எலக்ட்ரான்களைக் குறைத்தால் படத்தில் இரைச்சலே மிஞ்சுகிறது.

இந்த மூன்று தடைகளையும் வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு காலத்தில் நீக்கினர். டேவிட் டிரோசியரும் ஆரன் குளூக்கும் 1968இல், இருபரிமாணப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடும் வழியை ஒரு பாக்டீரிய வைரஸின் வாலைக் கொண்டு நிறுவினர். ரிச்சர்ட் ஹென்டர்சனும் நைஜல் அன்வினும் 1975இல் பாக்டீரியோரொடாப்சின் என்னும் சவ்வுப் புரதத்தை 7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் (பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) காட்டினர். அதே புரதத்துக்கு அணு மாதிரியை ஹென்டர்சன் குழு வெளியிட்டது 1990இல். இடையில் பதினைந்து ஆண்டுகள். ஜாக் துபோஷேயின் குழு 1980களின் தொடக்கத்தில் ஹைடெல்பர்க்கில், நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடி போன்ற பனியாக உறைய வைக்கும் ‘கிரையோ’ முறையைக் கண்டறிந்தது. யோவாகிம் ஃபிராங்க் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும் தனித்தனி மூலக்கூறுகளின் படங்களை வகைப்படுத்திச் சராசரியாக்கும் கணித முறைகளை வளர்த்தார். இத்தனைக்குப் பிறகும், புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் அமைப்பைக் காணும் படிகவியலாளர்கள் இந்தத் துறையை ‘பிளாபாலஜி’ (கட்டியியல்) என்று கேலி செய்துகொண்டிருந்தனர். கிடைத்த வடிவங்கள் பெரும்பாலும் உருண்டை திரண்ட கட்டிகளாகவே இருந்ததால் அந்தக் கேலியில் நியாயமும் இருந்தது.

எலக்ட்ரான்களை நேரடியாகப் பதிவுசெய்யும் உணரிகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. யிஃபான் செங், டேவிட் ஜூலியஸ் ஆகியோரின் குழுக்கள் 2013இல் டிஆர்பிவி1 என்னும் அயனிக் கால்வாயை 3.4 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டன. அதுவரை படிகமாக மறுத்துவந்த சவ்வுப் புரதங்களின் கதவு அத்துடன் திறந்தது. துபோஷே, ஃபிராங்க், ஹென்டர்சன் மூவரும் 2017இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2020இல் அப்போஃபெரிட்டின் என்ற புரதத்தை இரண்டு குழுக்கள் சுமார் 1.2 ஆங்ஸ்ட்ராமில், தனித்தனி அணுக்கள் தெரியும் அளவுக்கு, காட்டின. இன்று இத்துறைக்குள் வருபவர் இந்த வேகத்தை மட்டும் பார்த்து வருகிறார். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பவரே தம் ஆய்வுத் திட்டத்துக்குச் சரியான கால அளவை வகுக்க முடியும்.

எந்தப் படிப்பிலிருந்து வரலாம்?

ஏறத்தாழ எந்த அறிவியல் படிப்பிலிருந்தும் வரலாம். துபோஷே, ஃபிராங்க், ஹென்டர்சன் மூவருமே இயற்பியலிலிருந்து வந்தவர்கள். டியூபுலின் புரதத்தின் அமைப்பை 1998இல் எலக்ட்ரான் படிகவியல் மூலம் தீர்த்த ஏவா நோகாலெஸும் இயற்பியல் பட்டதாரியே. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்: 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடியும் வகுப்பில் சேர்ந்தார். பட்டம் பெற்றவர் தொடக்க வகுப்பில் அமர்வது அப்போது பின்னடைவாகத் தோன்றியிருக்கலாம். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரின் பாதை அங்கேதான் திரும்பியது.

இயற்பியல், கணிதம், கணினியியல் ஆகியவற்றிலிருந்து வருபவர்கள் புரத வேதியியலைக் கையால் செய்து பழகவேண்டும்; புத்தகத்தில் படிப்பது போதாது. உயிரியலிலிருந்து வருபவர்கள் ஃபூரியர் உருமாற்றத்தை அஞ்சாமல் அணுக வேண்டும். ஒரு பொருளின் வீழல் படத்தினுடைய (ஒரு திசையிலிருந்து ஊடுருவி எடுத்த இருபரிமாணப் படம்) ஃபூரியர் உருமாற்றம், அப்பொருளின் முப்பரிமாண உருமாற்றத்தின் மையத்தின் வழியே செல்லும் ஒரு வெட்டுத் தளத்துக்குச் சமம் என்ற தேற்றம் புரிந்துவிட்டால், முப்பரிமாண மீட்டுருவாக்கம் என்பது மந்திரமாகத் தோன்றாது. நேரியல் இயற்கணிதம், பேயீசிய நிகழ்தகவின் அடிப்படை, லினக்ஸ் கட்டளைகள், ஓரளவு பைத்தான் ஆகியவை இருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். இவற்றையெல்லாம் கரைத்துக் குடித்த பிறகுதான் ஆய்வகத்தின் வாசலை மிதிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம்.

நுண்ணோக்கி இல்லாமலே பயிற்சி பெறுதல்

வேறு பல ஆய்வுத் துறைகளுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. புரதங்களில் அணுக்களின் இடத்தைக் குறிக்கும் ஆயங்கள் 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலும், எலக்ட்ரான் நுண்ணோக்கி வரைபடங்கள் இஎம்டிபியிலும், கருவியிலிருந்து வந்த மூலப்படங்கள் எம்பியார் என்ற காப்பகத்திலும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஷோர்ஸ் ஸ்கெரஸ் 2012இல் வெளியிட்ட ரிலையான் என்னும் படச் செயலாக்க மென்பொருள் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதே வேலைக்கான கிரையோஸ்பார்க் கல்வி ஆய்வுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டுக்கும் படிப்படியான பயிற்சிக் கையேடுகள் உள்ளன. நல்ல வரைகலை அட்டை கொண்ட ஒரு கணினி இருந்தால், பீட்டா-கேலக்டோசிடேஸ், 20எஸ் புரோட்டியசோம் போன்ற பயிற்சித் தரவுகளின் சிறு பகுதியை நீங்களே முழுமையாகச் செயலாக்கிப் பார்க்கலாம். கிராண்ட் ஜென்சனின் இணையவழி விரிவுரைத் தொடர் கருவியின் இயற்பியலைப் பொறுமையாகச் சொல்லித்தருகிறது.

பயிற்சியைக் கையேட்டோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே கொண்டுசெல்லுங்கள். ஏற்கனவே வெளியான ஓர் ஆய்வின் மூலப்படங்களை எடுத்து, அவர்களுடைய பிரிதிறனை உங்களால் எட்ட முடிகிறதா என்று பாருங்கள். எட்ட முடியாவிட்டால் எந்தப் படியில் விலகல் தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள். எல்லாம் சரியாக நடந்தபோது கிடைத்த அழகான படத்தைவிட, அந்த விலகலைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு முனைவர் பட்ட நேர்காணலில் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய நுண்ணோக்கி இருக்கும் இடத்தைத் தேடிப் போவது இயல்பான ஆசைதான். என் கருத்து வேறு: கருவி அடுத்த கட்டடத்திலோ அடுத்த நகரத்திலோ இருந்தாலும் பரவாயில்லை, புரத வேதியியலில் வலுவான ஆய்வகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனின் டயமண்ட் ஒளிமூலத்தில் உள்ள இபிக் என்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கி மையம், நியூயார்க்கில் உள்ள தேசிய கிரையோ நுண்ணோக்கி மையம் போன்ற பொது வசதிகள், எழுத்து வடிவ முன்மொழிவின் தகுதியைப் பார்த்து வெளி ஆய்வாளர்களுக்குக் கருவி நேரம் ஒதுக்குகின்றன. மோசமான மாதிரியோடு அங்கே போனால் அந்த நேரம் வீணாகும். நல்ல மாதிரி இருந்தால் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். மறுபக்கம், ஆய்வகத்துக்குள்ளேயே மாதிரிகளைச் சோதித்துத் தேர்வதற்கான 120 அல்லது 200 கிலோவோல்ட் நுண்ணோக்கி ஒன்று இருந்து, அதை மாணவர்களே இயக்க அனுமதி இருந்தால், அதை ஒரு பெரிய கொடையாகக் கொள்ளுங்கள். கருவியைக் கையால் சீரமைக்கும் அனுபவம் அங்கேதான் கிடைக்கும். 300 கிலோவோல்ட் கருவியை அனுபவமிக்க பணியாளர்களே சீரமைத்துத் தருவதால் மாணவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

நெறியாளராக வரப்போகிறவரிடம் கேட்க வேண்டியவற்றை விட, அவருடைய மாணவர்களிடம் கேட்க வேண்டியவையே முக்கியம். புரதத்தைத் தயாரிப்பவரும் தரவைச் செயலாக்குபவரும் ஒருவரேயா, வெவ்வேறு ஆட்களா? கருவி நேரத்துக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது? ஒரு புரதம் ஒத்துழைக்காதபோது அதை எப்போது கைவிடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? முன்னர் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் புரதம் மட்டும், இன்னொருவர் கணினி மட்டும் என்று பிரிந்து நிற்கும் குழுவில் கட்டுரைகள் வேகமாக வரலாம். ஆனால் அங்கிருந்து வெளியே வரும் முனைவர், பாதித் துறையை மட்டுமே கற்றவராக இருப்பார்.

ஆய்வுப் பொருளைப் பொறுத்தவரை, இரண்டு திட்டங்களை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஒன்று, விடை கிடைத்தால் துறையே திரும்பிப் பார்க்கும் கடினமான திட்டம். மற்றொன்று, நல்ல நடத்தை கொண்ட, ஓரளவு உறுதியாக முடியக்கூடிய புரதம். அடா யோனத் ரைபோசோம் படிகங்களை முதலில் பெற்றது 1980 வாக்கில்; முழு அமைப்பு தெளிவானது 2000 வாக்கில். அத்தகைய நீண்ட முயற்சிகள் துறையை உயர்த்துகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கைந்து ஆண்டு உதவித்தொகையில் இருக்கும் மாணவர், இடையிடையே வெளியிடத்தக்க முடிவுகள் தரக்கூடிய கேள்வியைத் தேர்வது கோழைத்தனம் ஆகாது.

மாதிரி: இங்கேதான் பாதி ஆண்டுகள் போகும்

கிரையோ முறைக்குப் படிகம் தேவையில்லை என்பதால் புரதத் தயாரிப்பில் சற்று அசட்டையாக இருக்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. படிகவியலில் மோசமான மாதிரி படிகமாகவே ஆகாது. ஆய்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். கிரையோ முறையிலோ மோசமான மாதிரியும் படம் தரும். அந்தப் படங்களை வைத்து மாதக்கணக்கில் கணினியில் உழைத்த பிறகே உண்மை வெளிப்படும். அதனால் இங்கே முன்கூட்டிய சோதனைகளின் தேவை கூடுதல்.

ஜெல் வடிகட்டல் குரோமட்டோகிராஃபியில் ஒற்றை, சமச்சீரான உச்சி வந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள். பிறகு யுரேனைல் அசிடேட் அல்லது யுரேனைல் ஃபார்மேட் கொண்டு எதிர்ச்சாயம் ஏற்றி (புரதத்தைச் சுற்றிலும் கனஉலோக உப்பைப் படியவைத்து), சாதாரண 120 கிலோவோல்ட் கருவியில் பாருங்கள். சுமார் 20 ஆங்ஸ்ட்ராமைவிட நுண்ணிய விவரம் தெரியாதுதான். ஆயினும் துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, ஒட்டித் திரள்கின்றனவா, துண்டு துண்டாகப் பிரிகின்றனவா என்பதை அரை நாளில் சொல்லிவிடும். கிளிசரால் கலந்த கரைசலில் படத்தின் வேறுபாட்டுத்திறன் மங்கும் என்பதால் உறைய வைக்கும் முன் அதை நீக்குவது நல்லது. புரதத்தின் அளவும் முக்கியம்: இந்த முறையில் தீர்க்கக்கூடிய மிகச் சிறிய மூலக்கூறின் எடை சுமார் 38 கிலோடால்டன் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) என்று ஹென்டர்சன் 1995இல் கணக்கிட்டார். நடைமுறையில் 50 கிலோடால்டனுக்குக் கீழே உள்ளவை இன்றும் கடினம். அத்தகைய புரதங்களோடு எதிர்ப்பொருள் துண்டையோ நானோபாடி என்னும் சிறு எதிர்ப்பொருளையோ இணைத்து அளவைக் கூட்டிக்கொள்ளும் வழியை முன்பே திட்டமிடுங்கள்.

கிரிட் தயாரிப்பு

கையாலேயே கற்றாக வேண்டிய வேலை இது. கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக வலை. அதன் மேல் ஒரு மைக்ரான் அளவுள்ள துளைகள் வரிசையாக அமைந்த மெல்லிய கார்பன் அல்லது தங்கப் படலம் இருக்கும். அதை மின்னொளிர்வு மூலம் நீர் பரவும் தன்மையுடையதாக்கி, நுனிக் கவ்வியால் ஓரத்தில் மட்டும் பிடித்து, 3 மைக்ரோலிட்டர் மாதிரியை இட வேண்டும். ஈரப்பதம் நிறைந்த அறைக்குள் வடிதாள் இருபுறமும் சில நொடிகள் ஒற்றி எடுக்கும். துளைகளில் எஞ்சுவது 20 முதல் 50 நானோமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலம். அடுத்த நொடியே அது திரவ ஈத்தேனுக்குள் பாய்கிறது. மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனை நேரடியாகப் பயன்படுத்தாததற்குக் காரணம், வெப்பமான பொருள் பட்டதும் நைட்ரஜன் கொதித்து ஆவிப்படலம் சூழ்ந்துகொள்வதால் குளிர்தல் மெதுவாகிவிடும் என்பதே. ஈத்தேன் அவ்வாறு கொதிப்பதில்லை.

அதன் பிறகு கிரிட்டின் வாழ்நாள் முழுவதும் மைனஸ் 140 டிகிரிக்குக் கீழேயே கழிய வேண்டும். அதற்கு மேல் போனால் கண்ணாடிப்பனி படிகமாக மாறத் தொடங்கும். ஈத்தேன் கிண்ணத்திலிருந்து சேமிப்புப் பெட்டிக்கு மாற்றும் கணத்தில் கிரிட்டை நைட்ரஜன் ஆவியின் மட்டத்துக்கு மேலே தூக்கிவிட்டால், அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் படிகப் பனியாகப் படியும். உங்கள் மூச்சுக்காற்றின் ஈரமும் அப்படியே படியும். முகக்கவசம் அணிவதும், கிண்ணத்தின் மேல் குனிந்து மூச்சு விடாதிருப்பதும் அதனால்தான். கவ்வியின் நுனியை முதலில் நைட்ரஜனில் ஆழ்த்திக் குளிர்வித்த பிறகே கிரிட்டைத் தொட வேண்டும். ஈத்தேன் உறைந்து திடமாகத் தொடங்கினால் சற்றே சூடாக்கி மீண்டும் திரவமாக்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விதிகளை இங்கே குறுக்கக் கூடாது. ஈத்தேன் எளிதில் தீப்பற்றும். திரவ நைட்ரஜன் ஆவியாகி மூடிய அறையில் ஆக்சிஜனைக் குறைத்து, எச்சரிக்கை அறிகுறி எதுவுமின்றி மயக்கமடையச் செய்யும். ஆக்சிஜன் அளவுமானி இல்லாத அறையில் இவ்வேலையைச் செய்ய மறுப்பது உங்கள் உரிமை.

பனி நன்றாக அமைந்தும் புரதம் கெட்டுப்போவதுண்டு. அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் உறைவதற்கு முன்பே காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பைப் பலமுறை மோதுகிறது. அங்கே சில புரதங்கள் அவிழ்ந்து சிதைகின்றன, சில ஒரே பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. எல்லாத் துகள்களும் ஒரே முகத்தைக் காட்டினால் முப்பரிமாண வரைபடம் ஒரு திசையில் இழுபட்டுவிடும். சிறிதளவு டிடர்ஜென்ட் சேர்ப்பது, கிராஃபீன் படலத்தின் மேல் மாதிரியை இடுவது, மேடையைச் சாய்த்துப் படமெடுப்பது ஆகியவை பொதுவான மாற்றுவழிகள். எது பலிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கிரிட்டுக்கும் செறிவு, கரைசல், ஒற்றிய நேரம், படலத்தின் வகை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் ஒழுங்கே உங்களைக் காப்பாற்றும்.

கருவியின் முன்

பெரிய கருவிகளில் ஒரே தடவையில் 12 கிரிட்டுகளை ஏற்றலாம். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் முழுக் கிரிட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கறுத்துத் தெரியும் கட்டங்களில் பனி தடித்திருக்கிறது. மிகப் பளிச்சென்று இருப்பவை பெரும்பாலும் வறண்டோ கிழிந்தோ இருக்கும். இடைப்பட்ட கட்டங்களில் எது நல்லது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு வகையிலும் சில துளைகளை உயர் உருப்பெருக்கத்தில் படமெடுத்து, துகள்கள் எந்தப் பனித் தடிமனில் நன்றாக இருக்கின்றன என்று அறிந்த பிறகே தானியங்கிச் சேகரிப்பைத் தொடங்குங்கள். இதற்குச் செலவிடும் இரண்டு மணி நேரம், பிறகு இரண்டு நாள் ஓடப்போகும் சேகரிப்பின் தரத்தை முடிவு செய்கிறது. மொத்த எலக்ட்ரான் அளவு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40 முதல் 60 வரை என்பது பொதுவான வழக்கம்.

வரைபடத்தைச் சந்தேகித்தல்

படங்களின் அசைவைத் திருத்துதல், வில்லையின் குவிய விலகலை மதிப்பிடுதல், துகள்களைத் தேர்ந்தெடுத்தல், இருபரிமாண வகைப்படுத்தல், முப்பரிமாண மீட்டுருவாக்கம் என்ற வரிசையை எந்தக் கையேடும் சொல்லும். கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒன்று: இருபரிமாணச் சராசரிகளில் ஆல்ஃபா சுருள்களின் கோடுகள் தென்படாவிட்டால் மேற்கொண்டு போவதில் பெரும்பாலும் பயனில்லை. சிறிய மாற்றங்களோடு மீண்டும் மீண்டும் முப்பரிமாணக் கணக்கை ஓட்டி இரவுகளைக் கழிப்பதைவிட, மறுநாள் காலை புரதத் தயாரிப்புக்குத் திரும்புவதே விரைவான வழி.

இத்துறையின் அடிப்படை ஆபத்தை ஒரு சிறு சோதனை தெளிவாகக் காட்டுகிறது. வெறும் இரைச்சல் மட்டுமே கொண்ட ஆயிரம் படங்களைக் கணினியில் உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டைனின் முகப்படத்தோடு மிக நன்றாகப் பொருந்தும் நிலைக்கு நகர்த்திச் சராசரி எடுத்தால், ஐன்ஸ்டைனின் முகம் கிடைக்கும். தரவில் ஒரு துளியும் இல்லாத முகம் அது. தேடியவரின் எதிர்பார்ப்பே திரும்பி வந்திருக்கிறது. எச்ஐவியின் புறப்பரப்புப் புரதம் பற்றி வெளியான ஓர் அமைப்பை விமர்சித்து 2013இல் எழுதிய கட்டுரையில் ஹென்டர்சன் இந்த எச்சரிக்கையையே முன்வைத்தார். இந்தச் சோதனையை நீங்களே சில வரிப் பைத்தான் நிரலில் செய்து பாருங்கள். அதற்குப் பின் உங்கள் தொடக்க மாதிரியைப் பழைய கண்ணோடு பார்க்கமாட்டீர்கள்.

இதிலிருந்து தப்பத் துகள்களை இரண்டு பாதிகளாகப் பிரித்து, தொடக்கம் முதல் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வரைபடமாக்கி, இரண்டும் எந்த நுணுக்கம் வரை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது வழக்கம். ரோசன்தாலும் ஹென்டர்சனும் 2003இல் முன்வைத்த 0.143 என்ற ஒப்புமை எல்லைமதிப்பு இதற்குத்தான் பயன்படுகிறது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை நம்பி அமைப்பை எழுதிவிடக் கூடாது. மூலக்கூறைச் சுற்றியுள்ள இரைச்சலை வெட்டி நீக்கும் ‘முகமூடி’ மிக இறுக்கமாக இருந்தால் அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும். ஒரே பக்கம் ஒட்டிய துகள்களும் உயர்த்தும். எண் சொல்வதை வரைபடம் காட்டுகிறதா என்று கண்ணால் சரிபாருங்கள். சுமார் 4.5 ஆங்ஸ்ட்ராமில் பீட்டா இழைகள் பிரிந்து தெரியவேண்டும், 3.5 ஆங்ஸ்ட்ராமில் டிரிப்டோஃபான், ஃபீனைல்அலனின் போன்ற பெரிய பக்கச்சங்கிலிகள் தெளிவாக வேண்டும், 2.5 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே நீர் மூலக்கூறுகள் தோன்றவேண்டும். வீழல் படங்களிலிருந்து பெற்ற வரைபடம் கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்கலாம் என்பதால், ஆல்ஃபா சுருள்கள் வலமாகச் சுழல்கின்றனவா என்று பார்ப்பதையும் மறக்காதீர்கள்.

அணு மாதிரியைக் கட்டும்போது இன்னொரு நுட்பம். குளூட்டமேட், ஆஸ்பார்டேட் பக்கச்சங்கிலிகளின் நுனிகள் வரைபடத்தில் மங்கியோ மறைந்தோ இருக்கும். கார்பாக்சில் தொகுதிகள் எலக்ட்ரான் கற்றையால் எளிதில் சேதமடைவது இதற்கு ஒரு காரணம். அங்கே அந்த அமினோ அமிலம் அசைகிறது என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. மாதிரியின் தரத்தைச் சோதிக்க, ஜி. என். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல் வகுத்த முதுகெலும்புக் கோணங்களின் வரைபடம் இன்றும் முதல் அளவுகோல். ஆனால் சில மென்பொருள்கள் அந்த வரைபடத்துக்கு ஏற்பவே கோணங்களைத் தள்ளிவைத்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் அளவுகோலே விடையாகிவிடுகிறது. விலக்கப்பட்ட கோணங்கள் எத்தனை என்பதோடு, பரவலின் வடிவம் இயல்பானதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டுரை வெளியாகும்போது வரைபடம், அணு மாதிரி, இரண்டு பாதி வரைபடங்கள் ஆகியவற்றோடு மூலப்படங்களையும் எம்பியாரில் சேர்த்துவிடுங்கள். உங்கள் முடிவை வேறொருவர் சோதிக்க முடியும் என்பதே அதற்குரிய மதிப்பைத் தருகிறது.

முனைவர் பட்டத்துக்குப் பின்

புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு 2020இல் தன் திறனைக் காட்டியதும், 2022இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட அமைப்புகள் பொதுவில் வைக்கப்பட்டதும், 2024இன் வேதியியல் நோபல் பரிசு புரத வடிவமைப்புக்கும் கணிப்புக்குமே சென்றதும் இளம் ஆய்வாளர்களைக் கலங்க வைத்திருக்கின்றன. தனிப் புரதம் ஒன்றின் மடிப்பைக் காட்டி முதல்தரக் கட்டுரை எழுதும் காலம் முடிந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுவதே நல்லது. கணிப்பு, தொடக்க மாதிரியாக உங்கள் வேலையைச் சுருக்குகிறது. ஒரு நொதி தன் வினையின் நடுவில் எத்தனை நிலைகளைக் கடக்கிறது, மருந்து மூலக்கூறு சேர்ந்தபோது சமநிலை எந்தப் பக்கம் சாய்கிறது, இருபது புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பு செல்லுக்குள் எங்கே எந்தக் கோலத்தில் நிற்கிறது போன்ற கேள்விகளுக்கு இன்னும் அளந்துதான் விடை காண வேண்டும்.

அதனால் முனைவர் பட்ட மேலாய்வுக்கு இடம் தேடும்போது ஏற்கனவே கற்ற நுட்பத்தை மறுபடி செய்யும் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். தனித்தனி மூலக்கூறுகளின் படங்களைச் சராசரியாக்கும் தனித்துகள் முறை தெரிந்தவர் டோமோகிராஃபிக்குப் போகலாம்: உறைந்த செல்லை அயனிக் கற்றையால் 100 முதல் 200 நானோமீட்டர் தடிமனுள்ள தகடாகச் செதுக்கி, சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து, மூலக்கூறுகளை அவற்றின் சொந்த இடத்திலேயே காணும் முறை அது. கைவேலையின் கடினம் இன்னும் குறையாத துறை என்பதாலேயே அங்கே திறமையாளர்களுக்குத் தேவை இருக்கிறது. அல்லது நுட்பத்தை மாற்றாமல், உயிரியல் கேள்வியை முழுக்க மாற்றிக்கொள்ளலாம்.

தனி ஆய்வுக்குழு ஒன்றே வெற்றி என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேசிய வசதிகளில் கருவியை நடத்தும் அறிவியலாளர்கள், மருந்து நிறுவனங்களின் கட்டமைப்புக் குழுக்கள், மென்பொருளையும் உணரிகளையும் உருவாக்குவோர் ஆகிய அனைவரும் இத்துறையின் முழு உறுப்பினர்களே. வசதி அறிவியலாளர் ஓர் ஆண்டில் பார்க்கும் மாதிரிகளின் வகை, ஒரு பேராசிரியர் பத்தாண்டில் பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அத்தகைய பணிகளுக்குச் செல்பவர், கட்டுரைகளில் தம் பெயர் எப்படி இடம்பெறும், சொந்த ஆய்வுக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பவற்றைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

தனிக் குழுவுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் கருவியின் பெயரை எழுதாமல் உயிரியல் கேள்வியை எழுதுங்கள். அடுத்து, அந்தக் கேள்விக்கான மாதிரி உங்கள் கையில் இப்போதே எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குச் சான்றாக ஒரு குரோமட்டோகிராஃபி வரைவையும் சில இருபரிமாணச் சராசரிகளையும் வையுங்கள். நுண்ணோக்கி நேரம் எந்தப் பொது வசதியிலிருந்து கிடைக்கும் என்பதை ஒரு பத்தியில் சொல்லுங்கள். நீங்கள் தேடும் அமைப்பை நாளையே வேறொரு குழு வெளியிட்டால், அல்லது ஒரு கணிப்பு மென்பொருள் சரியாகத் தந்துவிட்டால், உங்கள் திட்டத்தில் எது மிஞ்சும் என்று தேர்வுக்குழு கட்டாயம் கேட்கும். அதற்கான பதிலையும் அதே பக்கங்களிலேயே எழுதிவிடுங்கள்.